நாற்பத்தைந்து டிகிரி

மார்ச் 4, செவ்வாய்

இல்லை, அடுப்பில் பட்டதுதான். விடுதியில் பால் காய்ச்சும்போது. இதையே மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். இங்கே நான்காவது முறை.

வலது மணிக்கட்டின் உள்பக்கம், ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் புண். தண்ணீர் பட்டால் எரிகிறது.

கோழிச் சோதனை இன்று தொடங்கியது. நாமக்கல்லிலிருந்து பதினான்கு கிலோமீட்டர், செங்கோட்டுவேலின் தீவன ஆலை, அதை ஒட்டி அவருடைய பண்ணை. எங்களுக்காக மூன்று கூண்டு வரிசைகளை ஒதுக்கியிருக்கிறார். வரிசைக்கு இருபது கோழி. 'அ' வரிசைக்குக் காரத்தால் பிரித்த நிறமி. 'ஆ' வரிசைக்கு என் நொதியால் பிரித்த நிறமி. 'இ' வரிசைக்கு நிறமியே இல்லாத தீவனம்.

பொருள் ஒன்றுதான். செண்டுமல்லி இதழிலிருந்து இறக்கிய எண்ணெய்ப் பிசின், தார் மாதிரி, சிவப்பும் கறுப்புமாக. அதற்குள் மஞ்சள் நிறமி இருபுறமும் கொழுப்பு அமிலத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. கட்டை அவிழ்த்துக் கொடுத்தால் கோழியின் உடல் சுலபமாக ஏற்கும், முட்டையின் கருவில் நிறம் ஏறும். ஆலையில் காஸ்டிக் காரத்தைக் கொட்டித் தொண்ணூறு டிகிரியில் நான்கு மணி நேரம் கிண்டுகிறார்கள். என் முறையில் காரம் இல்லை. ஜவ்வரிசி போன்ற வெள்ளை மணிகள், அவற்றின் மேல் நொதி. நாற்பத்தைந்து டிகிரி, ஒரு நாள், மெதுவான சுழற்சி. முடிந்ததும் மணிகளை வடிகட்டி எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். பத்து முறை வரை.

மூன்று வாரம். 'ஆ' வரிசையில் நிறம் ஏறினால் செங்கோட்டுவேல் காரத் தொட்டியை மூடிவிட்டு நொதிக்கு மாறுவார். பேராசிரியர் வரதனுக்குத் திட்டம் நீளும். எனக்கு நான்காவது அத்தியாயம் கிடைக்கும். ஏறாவிட்டால் ஐந்து வருடத்தில் மூன்று அத்தியாயம். மூன்று அத்தியாயத்துக்குப் பட்டம் தரமாட்டார்கள்.

மார்ச் 5

வெயில். கோழிகள் வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடுகின்றன. தீவனத்தை எடைபோட்டேன்.

மார்ச் 8, சனி

எனக்கு உதவிக்கு நாச்சம்மாளை விட்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டு வயது. எட்டு வருடம் காரத் தொட்டியில் நின்றவர். சோதனை முடியும்வரை தொட்டிக்கு வேறு ஆள், இவருக்கு முட்டை உடைக்கும் வேலை.

"இது வேலையாங் அம்மணி? மாமியா வூட்டுக்கு விருந்துக்கு வந்த மாதிரி இருக்குது."

அவர் கைகளை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். விரல் நுனிகள் மழமழவென்று, சிவந்து, ரேகை இல்லாமல். ஆலையில் கொடுக்கும் ரப்பர் கையுறை இரண்டாம் நாளே கிழிந்துவிடுமாம். கிழிந்த கையுறை கையுறை இல்லாததைவிட மோசம், உள்ளே போனது வெளியே வராது என்றார்.

"ரேசன் கடையில கட்டை விரலை வெச்சா மிசினு ஒத்துக்க மாட்டேங்குதுங். மூணு வருசமாச்சு. என்ற மவளைக் கூட்டிட்டுப் போயி அவ விரலை வெச்சுத்தான் அரிசி வாங்கறன். கடைக்காரன் சிரிக்கறான். 'ஏக்கா, நீ ஆளே இல்லைன்னு கெவருமென்டு சொல்லுது'ன்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிறகு 'ஆ' நிறமி இருந்த பாத்திரங்களைக் கழுவினார். முதல் பாத்திரத்தை எடுத்தவர் நின்றுவிட்டார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

"இதுக்குச் சோப்பே வேண்டாமாட்ட இருக்குதுங். அதுவே சோப்பா இருக்குது."

எல்லா எண்ணெயும் வழுக்கும் என்றேன்.

"அப்படீங்களா" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

முதல் முட்டைகள். வெள்ளைத் தட்டில் உடைத்து, நிற விசிறியைப் பக்கத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். பதினைந்து பிளாஸ்டிக் இதழ்கள். ஒன்று வெளிறல், பதினைந்து செம்மஞ்சள். வியாபாரிகள் பத்துக்கு மேல் கேட்கிறார்கள்.

'இ' ஐந்து.
'அ' எட்டு.
'ஆ' எட்டு.

நாச்சம்மாள் 'அ' தட்டையும் 'ஆ' தட்டையும் அருகருகே வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ரெட்டைப் புள்ளைக மாதிரி."

உடைத்த முட்டைகளை வீணாக்கக் கூடாது என்று பெரிய வாணலியில் பொரியல். ஆலையில் எல்லோருக்கும். நான் சாப்பிடவில்லை.

மார்ச் 13

வரதன் சார் போனில் பேசினார். குரலில் இருபது வயது குறைந்திருந்தது.

"எட்டா? ஒரு வாரத்துலயா? ஜெசிந்தா, 'ஆ' வரிசை ரெண்டு நாள் பின்தங்கும்னுதானே நாம எழுதியிருந்தோம்?"

"ஆமாம் சார்."

"நல்லதுதான். நல்லதை ஏன் சந்தேகப்படணும்? மணியெல்லாம் பத்திரமா?"

"பத்திரமா இருக்கு சார்."

பத்திரமாகத்தான் இருக்கின்றன. குளிர்பெட்டியில், கண்ணாடிக் குடுவையில், வெள்ளையாக.

மார்ச் 14

'அ' பத்து. 'ஆ' ஒன்பது. வெளிச்சம் குறைவாக இருந்தது, ஒன்பது என்றுதான் பட்டது.

மார்ச் 15

நாச்சம்மாள் கேட்டார்: "நேத்து எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டத்தான் தெரிஞ்சுதுங். என்ற கண்ணுதான் கெட்டுப் போச்சுங்களா?"

தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

மார்ச் 17, திங்கள்

மின்னஞ்சல். வெளிநாட்டு ஆய்வகம். இரண்டு வருடப் பணி. தேர்வாகியிருக்கிறேன், ஆய்வேட்டைச் சமர்ப்பித்த சான்று மட்டும் வேண்டும். நேர்காணலில் நான் சொன்ன நொதிச் சோதனை அவர்களை மிகவும் கவர்ந்ததாம். முடிவுகளைக் காண ஆவலாக இருக்கிறார்களாம்.

தூத்துக்குடிக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். "ஏட்டி, நெசமாவா?" என்றாள். பிறகு அழுதாள். பிறகு, அங்கே மீன் கிடைக்குமா என்று கேட்டாள்.

அந்த நேர்காணல் பிப்ரவரி 28 அன்று. இங்கே வீடியோவில் பேசும் அளவுக்குச் சிக்னல் இருக்காது என்பதால் டவுனுக்குப் போனேன். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை. சாரிடம் சொல்லவில்லை. மூன்றரை மணி நேரம் பெரிய விஷயமா.

மார்ச் 19, புதன்

நொதிக் கரைசலை வைக்க இங்குள்ள வெந்நீர்த் தொட்டி பழையது. வெப்பத்தைப் பொத்தானை அழுத்தி வைக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் நாம் வைத்ததை மறந்து ஆலையின் கணக்குக்கே திரும்பிவிடும். பக்கவாட்டில் எப்போதோ யாரோ சாக்பீஸால் எழுதியிருக்கிறார்கள்: 'கரண்ட் போனா 90 ஆயிரும். பக்கத்துல இரு.'

வந்த முதல் நாளே படித்தேன். படம்கூட எடுத்து வைத்திருக்கிறேன்.

நொதி அறுபதுக்கு மேல் தாங்காது. செத்த மணிக்கும் உயிருள்ள மணிக்கும் ஒரே நிறம், ஒரே எடை, ஒரே வாசனை. அதாவது வாசனை இல்லை.

இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

காலையில் நாச்சம்மாள் பண்ணைக் கதவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"ஒத்துக்கிச்சுங் அம்மணி! மிசினு ஒத்துக்கிச்சு!"

நேற்று ரேஷன் கடையில் சும்மா வைத்துப் பார்த்தாராம். இரண்டு முறை சிவப்பு. மூன்றாம் முறை பச்சை. கடைக்காரன் எழுந்து நின்று கும்பிட்டானாம். "'வாங்க மகாராணி, இத்தன வருசம் எங்க போயிருந்தீங்க'ங்கறான், எடுபட்டவன்."

கட்டை விரலை வெயிலில் காட்டினார். உற்றுப் பார்த்தால் தெரிகிறது. நடுவில் இல்லை. ஓரத்தில் நாலைந்து வளைகோடுகள், பென்சிலால் மெதுவாக இழுத்த மாதிரி.

"ரெண்டு வாரம் தொட்டிக்குப் போகாததுக்கே இப்படின்னா, மூணு மாசம் போகாம இருந்தா?"

எல்லாம் வந்துவிடும் என்றேன்.

"உங்க மருந்து வந்துட்டா அப்பறம் தொட்டியே இல்லைன்னு மொதலாளி சொல்றாருங்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதிக நேரம் பார்த்தார். "இல்லீங்களா?"

இன்று 'அ' பன்னிரண்டு. 'ஆ' பன்னிரண்டு. அப்படியே எழுதினேன்.

மார்ச் 23, ஞாயிறு

சார் வந்திருக்கிறார். புதன்கிழமை, திட்டத்துக்குப் பணம் தரும் நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வருகிறார்கள், பார்த்துத் திருப்தி என்றால் அன்றே கையெழுத்து. அவர்களுக்கு முட்டையை மட்டும் காட்டினால் போதாதாம். தொட்டி ஓடுவதைக் காட்ட வேண்டும். இருபது லிட்டர். அதே மணிகள், இரண்டாம் முறை. மறுபயன்பாடுதான் நம் பலம் என்றார்.

"ரெண்டாம் தடவை வேகம் குறையலாம் சார்."

"கொஞ்சம் குறையட்டும். நிறம் பிரிஞ்சா போதும்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் என் மணிக்கட்டைப் பார்த்து, "இன்னும் ஆறலியா? பாலுக்கு இவ்வளவு ஆகாதே" என்றார். இல்லை, எழுதிவிடுகிறேன்: அவர் கேட்ட அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். மருந்து போடுகிறேன் சார் என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

தொட்டி தயார். பிசின், தண்ணீர், மணிகள்.

நாளை காலை அவர்கள் வருவதற்குள் நிறம் பிரியத் தொடங்கியிருக்க வேண்டும். இந்த மணிகளால் அது நடக்காது.

காஸ்டிக் அறை பூட்டியிருக்கவில்லை. இந்த முறை கையுறை போட்டுக்கொண்டேன்.

மார்ச் 26, புதன்

வரிசையாக எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத வராது.

பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண்தான் கேள்வி கேட்டார், கையில் சிறிய குறிப்பேடு. செங்கோட்டுவேல் இளநீர் கொடுத்தார். முட்டைகளை உடைத்துக் காட்டினோம். பன்னிரண்டு, பன்னிரண்டு, ஐந்து. அந்தப் பெண் விசிறியைத் தானே வாங்கிப் பார்த்தார். தலையசைத்தார்.

பிறகு தொட்டி. கிளறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே செம்மஞ்சள் படலம் விலகத் தொடங்கியிருந்தது. அழகாகத்தான் இருந்தது.

சார் விளக்கினார். பழைய முறையில் விரல் பட்டால் தோல் உரியும், நொதி முறையில் அந்தப் பயமே இல்லை என்றார். இது சார் முன்பே யோசித்து வைத்ததா, அப்போது தோன்றியதா, தெரியவில்லை. திரும்பி நாச்சம்மாளைக் கூப்பிட்டார்.

"நாச்சம்மா, கையை உள்ள விட்டுக் காட்டுங்க."

வந்தவர்களில் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

"போங் நாச்சா" என்றார் செங்கோட்டுவேல். "எட்டு வருசம் காரத்துல நின்ன கையிங்க இது. இனிமே சொகந்தான்."

நாச்சம்மாள் வளையலை முழங்கை வரை ஏற்றிக்கொண்டார். தொட்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையை நிறுத்தினார். விரல்களை விரித்தபடி. என்னைப் பார்த்தார்.

"அம்மணி, நீங்க கரைச்சதுதானுங்க. நீங்க சொல்லுங். வெக்கட்டுமா?"

அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கேள்வி வேறு யாருக்கும் கேள்வியாகப் படவில்லை. சார் சிரித்தார்.

என் வாயிலிருந்து முதலில் வந்தது: "சார் சொல்றாங்கல்ல."

இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். அடிக்கவில்லை.

கை இறங்கியது. அவர் கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை. ஒரு சாண் அரைச் சாணாயிற்று. பிறகு நாலு விரல். நீராவி உள்ளங்கையில் படுவது தெரிந்தது. கட்டை விரலின் ஓரம், அந்த நாலைந்து கோடுகள்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பிடித்த வேகத்தில் விசிறி தட்டிவிடப்பட்டு இதழ்கள் தரையில் சிதறின.

"வேண்டாம்க்கா. காரம்."

"என்ன சொல்றே ஜெசிந்தா?" சார் இன்னும் சிரிப்பை முடிக்கவில்லை.

"இதுல காஸ்டிக் இருக்கு சார். மணி செத்துப்போச்சு. பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதியே. கரண்ட் போய் வந்துச்சு, நான் இல்ல. மறுநாள் அந்தக் கரைசல்லயும் காஸ்டிக்தான் ஊத்துனேன். கோழிக்குப் போட்டதும் அதுதான்."

கிளறி சுற்றிக்கொண்டிருந்தது. செல்போன் இன்னும் எங்கள் பக்கம் நீட்டியபடியே இருந்தது, பிறகு கீழே இறங்கியது.

அந்தப் பெண் கேட்டார்: "அப்போ ரெண்டு வரிசைக்கும் ஒரே பொருளா?"

"ஆமாம்."

"ஒண்ணாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் குறிப்பேட்டை மூடினார். கோபமாகச் சொல்லவில்லை.

நாச்சம்மாளின் மணிக்கட்டை நான் இன்னும் விடவில்லை என்பதை அவர்தான் நினைவுபடுத்தினார். "உடுங் அம்மணி. வலிக்குது."

சார் காரில் ஏறினார். ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி, "பாலுன்னு சொன்னியே" என்றார்.

மார்ச் 27, வியாழன்

காலை எட்டுக்குச் செங்கோட்டுவேல் வந்தார். உட்காரவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங் மேடம். எனக்குத் தீவனம் போயாகோணும். இனியும் பழைய தொட்டிதான். திங்கட்கிழமையிலருந்து நாச்சாளும் அங்கதான்."

ஞாயிறு வரை இந்த அறையைப் பயன்படுத்தலாமா என்று கேட்டேன். வெந்நீர்த் தொட்டி சும்மாதான் கிடக்கிறது, என்னமோ பண்ணுங்க என்று போய்விட்டார்.

சாருக்கு எழுதினேன். நடந்தது முழுவதும், தேதி வாரியாக. நான்காவது அத்தியாயத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றும். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு இரண்டு வரி. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

நாச்சம்மாள் வாசலில் உட்கார்ந்து முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"உங்களுக்கு எப்பலருந்துக்கா தெரியும்?"

"எட்டாந்தேதி. பாத்திரங் கழுவறப்ப. எட்டு வருசம் இதுலயே வெந்த விரலுக்குத் தெரியாதுங்களா?"

"ஏன் சொல்லல?"

"நாஞ் சொன்னா உங்க சாரு கேப்பாருங்களா? ரேசன் கடை மிசினே என்னை ஆளுன்னு ஒத்துக்கல." தட்டை அடுக்குவதை நிறுத்தினார். "அது சாக்குங். நெசத்தைச் சொல்றன். நீங்க பொய்யி சொல்லிட்டு இருக்கற வரைக்கும் நானு தொட்டியில எறங்க வேண்டாம். அதை நானே எதுக்குங் கெடுத்துக்கோணும்?"

"நேத்து ஏன் கையை வைக்கப் போனீங்க?"

"நீங்க புடிக்கறீங்களான்னு பாத்தனுங்."

"பிடிக்கலன்னா?"

"வெச்சிருக்க மாட்டன். எனக்கென்ன பைத்தியமா?" அடுத்த தட்டை எடுத்து அடுக்கிவிட்டு, "தெரியலீங்" என்றார்.

குளிர்பெட்டியின் மேல்தட்டில் சிறிய குப்பி ஒன்று இருக்கிறது. மணிகள் முதலில் வந்தபோது ஒரு கரண்டி தனியாக எடுத்து வைத்தது. எட்டு கிராம். சூடு படாதவை. இருபது லிட்டருக்குப் போதாது. அரை லிட்டருக்குப் போதும். அரை லிட்டரை வைத்துக்கொண்டு யாரும் ஆலையை மாற்றமாட்டார்கள். ஆனால் இந்த நொதி இந்தப் பிசினைப் பிரிக்குமா என்பது எனக்கே இன்னும் தெரியாது. ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட இதை நான் உண்மையில் பார்க்கவில்லை. சின்னக் குழாய்களில், ஆய்வகத்தில், சுத்தமான எண்ணெயில் பார்த்ததோடு சரி.

நாச்சம்மாள் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்.

"இது வேல செய்யுமுங்களா?"

"தெரியலக்கா."

"இப்பத்தான் ஒழுங்கா ஒரு பதிலு சொல்லியிருக்கறீங்" என்றார். போகும்போது முக்காலியை என் பக்கம் காலால் நகர்த்திவிட்டுப் போனார்.

காலை 11.10க்கு மணிகளைப் போட்டேன். காரம் இல்லை. பொத்தானை அழுத்தி நாற்பத்தைந்தில் வைத்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். 12.40க்கு மின்சாரம் போனது. 3.05க்கு மறுபடி. இரண்டு முறையும் வந்ததும் எழுந்து, தொண்ணூறை நாற்பத்தைந்துக்குத் திருப்பினேன்.